கீழே பார்க்கிறவன்

கண்களை மட்டும் சுகிர்தா கடைசிக்கென்று விட்டு வைத்திருந்தாள். மற்றதெல்லாம் முடிந்த மாதிரித்தான். கோழிமுட்டை அளவில் ஒரு தலை, அதற்குக் கீழே தோள், தோளுக்குக் கீழே பாதி நெஞ்சு, அவ்வளவுதான் ஆள். சின்ன விமானத்துக்குள் இருத்திக் கண்ணாடி மூடியைப் போட்டால் நெஞ்சுக்குக் கீழே யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதால் இந்த ஆட்களுக்கு வயிறும் இல்லை, காலும் இல்லை. வழக்கமாக அவள் கண்ணைத்தான் முதலில் வைப்பாள். கண் வைத்துவிட்டால் மிச்சம் தானாக வரும், பார்க்கிற ஆளோடு வேலை செய்வது சுகம், பேச்சுத் துணை மாதிரி, ஒரு தலையிடம் மூக்கைத் துடைத்துவிடட்டோ என்றுகூடக் கேட்டிருக்கிறாள், அதைக் கேட்டுக் கதவடியில் நின்று மகள் ஆரணி சிரித்திருக்கிறாள். இந்தத் தலைக்கு மட்டும் அப்படி வரவில்லை. நெற்றி முடிந்து, காது முடிந்து, சவரம் செய்த தாடையில் தெரிகிற மெல்லிய நீலம்கூட முடிந்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு குழி அப்படியே கிடந்தது. பின்னேரம் ரைமர் வந்துவிடுவார். நாளைக்கு ஞாயிறு, திடலில் பறக்கவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். கணவர் கிருபாகரன் பார்சல் கிடங்குக்கு வேலைக்குப் போய்விட்டார், ஆரணி சிநேகிதிகளோடு நீச்சல் குளத்துக்குப் போய்விட்டாள், படுக்கையறை யன்னலோரம் போட்டிருக்கிற இந்தச் சின்ன மேசைக்கு நல்ல வெளிச்சம் விழுகிறது, கண் வைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தூரிகையை எடுத்தாள். நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தேத்தண்ணி போடலாம் என்று எழுந்து போனாள்.

குசினியில் தண்ணீர் கொதிக்கும்வரை நிற்கிறபோதும் அந்தத் தலை படுக்கையறையில் இருப்பது முதுகில் தெரிந்தது. மூடிவிட்டு வந்திருக்கலாம். எதை மூடுவது, கண்ணே இல்லாததை. ரைமர் மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், வரவில்லை. சோஸ்ட் நகரத்துக்கு வந்து நாலு வார்த்தை டொச், அதுதான் ஜெர்மன் மொழி, சரியாகப் பேசத் தெரியாமல் நின்ற காலத்தில் தன்னுடைய பல் செய்கிற பட்டறையில் வேலை கொடுத்தவர் அவர். கட்டுகிற பல்லுக்கு நிறம் ஏற்றுகிற வேலை. வெள்ளை என்று எல்லாரும் சொல்கிற பல்லில் மஞ்சளும் சாம்பலும் நுனியில் ஒரு கண்ணாடித்தன்மையும் இருக்கும், அதை அடுக்கடுக்காக வைக்க வேண்டும். பட்டறையை விற்றுவிட்டு ஓய்வுக்குப் போன பிறகு ஒரு நாள் ரைமர் வீட்டுக்கு வந்து, பையிலிருந்து ஒரு பிசின் தலையை எடுத்து வைத்து, தான் கையால் கட்டி ரேடியோவில் ஓட்டுகிற சின்ன விமானத்துக்கு இவன்தான் விமானி, கடையில் வாங்கியவன், முகம் முழுக்கப் பன்றியிறைச்சி நிறம், பல்லுக்கு நிறம் வைத்த கைதானே, இவனுக்கும் கொஞ்சம் உயிர் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தாள். அதற்குப் பிறகு அவருடைய சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தோல் தொப்பி போட்டவன், கழுத்தில் வெள்ளைச் சால்வை சுற்றியவன், பறக்கப் பழகுகிற பெட்டை, சுருட்டுக் கடித்த கிழவன். உன்ர பல்லுக்காரன் உன்னை ஆள் செய்யிறவளாக்கிப்போட்டான் என்று கிருபாகரன் பகிடி பண்ணுவார். இத்தனை ஆட்களைச் செய்தும் அவர்கள் பறப்பதைப் பார்க்க அவள் ஒரு நாளும் திடலுக்குப் போனதில்லை. ரைமர் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் ஏதாவது வேலை இருக்கும்.

தேத்தண்ணியோடு திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது, கண்ணை விட்டு வைத்ததற்கு முன்னாலேயே, நிறம் கலக்கிறபோதே இது தொடங்கிவிட்டது. இதுவரை செய்த அத்தனை தலையும் வெள்ளைக்காரர். வெள்ளைக்காரத் தோல் அவளுக்குத் தூக்கத்திலும் வரும், இளஞ்சிவப்பில் ஒரு துளி காவி, மூக்கு நுனிக்கும் காதுக்கும் கொஞ்சம் சிவப்பு, கண்ணுக்குக் கீழே ஊதா. ரைமர் போன மாதம் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அழகான விமானம், பாருங்கள், என்றார், பழக்குவதற்கென்று செய்தது, மூக்கில் ஒரு காத்தாடி, முதுகில் அகலமான கண்ணாடி, பிறகு எத்தனையோ நாட்டுக்காரர்கள் வாங்கினார்கள், நான் ஒரு வெயில் நாட்டுக்காரரின் நிறத்தில் அடிக்கப் போகிறேன், பச்சையும் மண்ணிறமும், அதனால் ஆளும் உங்கள் பக்கத்து ஆள் மாதிரி இருக்கட்டும். சொல்லிவிட்டு, அவளுக்கு ஒரு சந்தோஷம் கொடுத்த முகத்தோடு பார்த்தார். தலை இடப்பக்கம் திரும்பிக் கீழே குனிந்திருக்க வேண்டும், நான் தாழப் பறந்து சரித்துத் திருப்புகிறபோது கீழே நிற்கிற சனத்தை அவன் பார்க்கிற மாதிரி இருக்கும், என்றார். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையும் மண்ணிறமும். ஓம் என்று தலையை ஆட்டினாள். பட்டறையில் இருந்த காலத்திலிருந்தே ரைமர் என்ன சொன்னாலும் முதலில் தலை ஆடிவிடும், பிறகுதான் காதில் விழும். இரவு படுத்த பிறகுதான் காதில் விழுந்தது. பொம்மர். அது பொம்மர். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், குண்டு போடுகிற விமானத்துக்கு அதுதான் பேர், பொம்மர் வருது, ஓடு, பங்கருக்குள்ள இறங்கு. பொம்மை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு.

வேலை தொடங்கிய அன்றைக்கு அந்த மண்ணிறத் தோலைக் கலக்க அவளுக்கு வழி தெரியவில்லை. காவியில் கறுப்பைப் போட்டால் அழுக்கு, சிவப்பைப் போட்டால் செங்கல், மஞ்சளைப் போட்டால் நோய்க்காரன். கடைசியில் இடது கையைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். துடைத்துவிட்டு இன்னொரு பொட்டு. பல்லுக்கு நிறம் பார்ப்பதும் இப்படித்தான், நோயாளியின் பக்கத்துப் பல்லோடு வைத்துப் பார்ப்பது, வித்தியாசம் தெரியாமல் போகிற இடத்தில் நிறுத்துவது. எந்த இடத்தில் பொட்டுத் தோலுக்குள் மறைந்ததோ அந்த நிறத்தைக் கிண்ணத்தில் நிறையக் கலந்து வைத்துக்கொண்டாள். நெற்றியில் தடவி முடித்து, தள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தன்னுடைய தோலை எடுத்து அவனுக்குப் போட்டிருக்கிறாள். வேறு எந்தத் தோலைப் போடுவது. ஊருக்கு மேலே பொம்மர் ஓட்டி வந்தவனுக்கு இருந்ததும் இந்தத் தோல்தானே. தூரத்து ஆள் இல்லை, கடல் தாண்டி வந்தவன் இல்லை, அதே தீவு, அதே வெயில், சோற்றில் கை வைத்தால் இதே நிறத்தில் விரல். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி தேங்காய் துருவியிருப்பாள். இதை நினைக்கக் கூடாது, நினைத்தால் வேலை ஓடாது என்று மீசையை வைக்கப் போனாள். மீசை இருந்ததா. இருந்தது. கறுப்பாக, கட்டையாக. அல்லது கிருபாகரனுக்குக் கலியாணத்தின்போது இருந்த மீசையைப் பிறகு எடுத்து அவனுக்கு ஒட்டிவிட்டாளா.

பக்கத்து வளவில் யாரோ புல் வெட்டத் தொடங்கினார்கள். சனிக்கிழமை, நல்ல வெயில், வெட்டத்தானே செய்வார்கள். மிசின் தூரத்தில் முனகி, கிட்ட வந்து, மதிலோடு திரும்பி, திரும்புகிற இடத்தில் சத்தம் ஒரு முறுக்கு முறுக்கி, மறுபடி தூரப் போனது. அவளுக்குப் பயமில்லை. இத்தனை வருசத்தில் பயம் போய்விட்டது, வந்த புதிதில்தான் வாணவேடிக்கைக்கு மேசைக்குக் கீழே போனாள், இப்போது புல் வெட்டுகிற சத்தம் புல் வெட்டுகிற சத்தம் என்று தெரியும். தெரிந்தாலும் கால் இரண்டும் கதிரைக்கடியில் தரையைத் தேடி ஊன்றிக்கொண்டிருந்தன, எழும்ப வசதியாக. அவை தங்கள் பாட்டில் செய்கிற வேலை. சத்தம் திரும்புகிற இடம்தான் கூடாது. நேரே போனால் போகிறது, திரும்பினால் பார்த்துவிட்டது என்று அர்த்தம். ஊரில் வெங்காயத் தோட்டம் அப்போது வெறுமையாக இருந்தது, கிண்டி எடுத்து முடிந்து சிவப்பு மண் மட்டும், ஒரு செடி கிடையாது ஒளிய. அப்பாவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோனவள். பதினொரு வயது. கடல் பக்கத்துப் பனைகளுக்கு மேலே அது வந்தது, தாழப் பதிய வந்தது, அவ்வளவு பதிய அது வருவதில்லை. தண்ணீர் இறைக்கிற கொட்டிலுக்குள் இருந்து அப்பா படு படு என்று கத்தினார். படுத்திருக்கலாம். போத்தல் சரிந்து தேத்தண்ணி ஊற்றுப்பட்டுப் போகுமே என்று நின்றாளா, கால் வராமல் நின்றாளா, அதுவும் இப்போது தெரியவில்லை. விமானத்தின் செட்டை ஒரு பக்கம் சரிந்தது. சரிந்ததும் கண்ணாடி முழுக்கத் தெரிந்தது. கண்ணாடிக்குள் ஒருவன் இருந்தான்.

இருந்தான், வெள்ளைத் தலைக்கவசம், கீழே மீசை, இடப்பக்கம் திரும்பிக் கீழே பார்த்தான். அவளைப் பார்த்தான். தோட்டத்தைப் பார்த்திருக்கலாம், கொட்டிலைப் பார்த்திருக்கலாம், கடற்கரை எவ்வளவு தூரம் என்று பார்த்திருக்கலாம். இல்லை, அவளைப் பார்த்தான். கோபமில்லை அந்தப் பார்வையில். பஸ்ஸுக்குள் இருக்கிறவன் றோட்டில் நிற்கிற ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி, அவளுடைய கையில் என்ன போத்தல் என்று பார்க்கிற மாதிரி. பிறகு செட்டை நிமிர்ந்தது. வேம்புக்கு மேலால் போனது. போன பக்கத்தில் மண் எழும்பியது முதலில், சத்தம் அதற்குப் பிறகு. அது சின்னம்மா வீட்டுப் பக்கம். அன்றைக்கு இரவே அவள் அம்மாவுக்குச் சொன்னாள், அவன் என்னைப் பார்த்தவன் அம்மா. அம்மா அழுது வீங்கிய முகத்தோடு, அந்த உயரத்தில முகம் தெரியாது பிள்ளை, என்றாள். மறுநாளும் சொன்னாள். அந்த உயரத்தில முகம் தெரியாது. செத்தவீட்டுக்கு வந்த ஆட்கள் முன்னால் சொல்லப் போனபோது அம்மா தொடையில் கிள்ளினாள். பிறகு சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் அது போகவுமில்லை. அந்த உயரத்தில் முகம் தெரியாது என்பது அவளுக்குள் ஒரு பாடம் மாதிரி ஓடிக்கொண்டேயிருந்தது, சோதனை எழுதுகிறபோதும், கொழும்பில் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருக்கிறபோதும், பிராங்பேர்ட்டில் வந்து இறங்கிய விமானத்தின் படியில் விமானி வாசலில் நின்று சிரித்து வழியனுப்புகிறபோதும். தெரியாது. தெரியாது. முகம் தெரிந்தது.

சின்னம்மாவின் மகள் பவானியக்கா அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். ஒரே பாயில் இரண்டு பேரும். இரவில் பவானியக்காவின் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறபோது சுகிர்தா கணக்குப் போடுவாள். அவன் என்னைப் பார்க்கப் போய் ஒரு கண்வெட்டு நேரம் பிந்தியிருப்பான். பிந்தாமல் விட்டிருந்தால் தோட்டத்தில் விழுந்திருக்கும், எனக்கு மேலே, அல்லது எனக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில். இன்னும் கொஞ்சம் பார்த்திருந்தால், அந்தப் போத்தலில் என்ன என்று இன்னும் யோசித்திருந்தால், சின்னம்மா வீட்டைத் தாண்டி வயலுக்குள் போய் விழுந்திருக்கும். சரியாக அவ்வளவு நேரம் பார்த்தான். குறையவுமில்லை கூடவுமில்லை. இதைப் பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது. உன் அம்மாவுக்கு மேலே விழுந்தது முதலில் என்னைப் பார்த்தது என்று எப்படிச் சொல்வது. சொல்லவில்லை, பாய் மாறி, வீடு மாறி, நாடு மாறி, பவானியக்கா கனடாவிலும் இவள் இங்கேயும் ஆகி, சனிக்கிழமை தவறாமல் தொலைபேசியில் விலைவாசியும் பிள்ளைகளின் படிப்பும் மூட்டு வலியும் எல்லாம் கதைத்தும், அதைக் கதைத்ததில்லை.

மீசையில் விட்டுப்போன ஓரத்தையும் தீட்டி முடித்து, தலையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். திருப்பியதும் கையை எடுத்துவிட்டாள். நிமலன். அவளுடைய தம்பி நிமலன், பாரிசில் உணவுக்கடை வைத்திருக்கிறவன், இப்போது தொப்பையும் வழுக்கையும், ஆனால் இருபத்தைந்து வயதில் அவன் இப்படித்தான் இருந்தான், இந்தத் தாடை, இந்தக் காது. செய்கிற முகம் தெரிந்த ஒருவரின் முகமாகப் போய்விடுவது உண்டு, கைக்கு என்ன பழக்கமோ அதைத்தான் கை போடும். தாடையைக் கொஞ்சம் அகலமாக்கி நிழல் வைத்தாள், இப்போது கிருபாகரனின் தம்பி. மூக்கின் பக்கத்தில் கறுப்பைக் கூட்டினாள், இப்போது இங்கே கோயிலில் மணி அடிக்கிற பெடியன். யாராக்கினாலும் தெரிந்தவனாகிறான். ஒருவருக்கும் தெரியாத ஒரு மண்ணிற முகத்தைச் செய்ய முடியவில்லை. அப்போது அந்த யோசனை வந்தது. கறுப்புக் கண்ணாடி. விமானிகள் போடுகிறதுதானே. குழிக்கு மேலே மெழுகுக் களியை அப்பிக் கண்ணாடி மாதிரி வெட்டி, பளபளக்கிற கறுப்பு அடித்து, ஒரு வெள்ளைக் கோடு இழுத்தால் முடிந்தது, தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் முடிந்தது. ரைமருக்குப் பிடிக்கும். வெயில் நாடுதானே என்று சொல்லலாம். கண்ணும் இல்லை, பார்வையும் இல்லை, எவனும் யாரையும் பார்க்கவில்லை. மனம் சட்டென்று லேசானது. கறுப்பு மையின் மூடியைத் திருகித் திறந்தாள். திறந்து, தூரிகையைத் தோய்த்து, புல் வெட்டுகிற மிசின் மதிலோரம் மறுபடி திரும்புகிறதைக் கேட்டபடி தூரிகையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அந்த லேசு அம்மா கிள்ளியபோது வந்த அதே லேசு என்று தெரிந்தது. இனிச் சொல்லத் தேவையில்லை என்கிற லேசு.

தொலைபேசி அடித்தது. பவானியக்கா. அங்கே காலை, குரலில் நித்திரை. பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், மருமகளுக்கு வேலை மாறியிருக்கிறதாம். நீ என்ன செய்யிறாய் என்று கேட்டாள். பல்லுக்காரனுக்கு ஒரு தலை செய்கிறேன் என்றாள் சுகிர்தா. பவானியக்கா சிரித்து, உன்ர வெள்ளைக்காரன் சுகமா இருக்கிறானோ என்றாள். இவன் வெள்ளைக்காரன் இல்லை, எங்கட ஊருக்கு வந்த பொம்மருக்கு ஆள் செய்கிறேன் என்று சொன்னபோது தன் குரல் ஏதோ கறிக்கு உப்புப் போதாது என்று சொல்கிற மாதிரி இருந்ததை அவளே கேட்டாள். பிறகு பவானியக்கா பேசினாள், நித்திரை போன குரலில்.

"நான் அவனைக் கண்டனான், சுகி."

சுகிர்தா தூரிகையை மையின் மூடிமேல் வைத்தாள்.

பவானியக்கா அவசரப்படாமல் சொன்னாள். முருங்கை இலை ஒடிக்கச் சொல்லித் தன் அம்மா அனுப்பினதாலே அவள் பின்வேலிக்குப் போனாள் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் தப்பினாள் என்பதும் தெரியும். மரத்தடியில் நின்று நிமிர்ந்தபோது மேலே கண்ணாடிக்குள் ஆள் இருந்தது கண்டதை மட்டும் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கணக்குச் செய்கிற பிள்ளை மாதிரி முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். தலையைத் திருப்பவேயில்லை. அம்மா கிணற்றடியில் நின்றாள், சிவப்புச் சீலை உடுத்தியிருந்தாள், மேலே இருந்து பார்த்தால் அந்தச் சிவப்புத்தான் முதலில் கண்ணில் படும். ஒருக்கால் குனிந்து பார்த்திருந்தால் உடுப்புத் தோய்க்கிற ஒரு மனுசி என்று கண்டிருப்பான், கண்டிருந்தால் விட்டிருப்பான், அவன் பார்க்கவில்லை, அதுதான் நடந்தது, என்று பவானியக்கா சொன்னாள். இத்தனை வருசமாக நான் அவனுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், என்றாள். அவனுக்கு என்றாளா, எனக்கு என்றாளா, சுகிர்தாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே பாயில் கிடந்து, ஒரே முகட்டைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு முகத்தை வைத்திருந்திருக்கிறார்கள். தோட்டத்துக்கு மேலே பார்த்தவன் சின்னம்மா வீட்டுக்கு மேலே போகிறபோது முன்னுக்குத் திரும்பியிருக்கிறான், அதற்கு இடையில் எவ்வளவு தூரம், ஒரு ஒழுங்கை, நாலு வளவு. பார்த்து முடித்துவிட்டுத்தான் முன்னுக்குப் பார்த்திருக்கிறான். பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது, கீழே ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு பெட்டை போத்தலோடு நிற்கிறாள், சரி. இதைச் சொன்னால் பவானியக்கா கையில் வைத்திருக்கிற அந்த ஒன்றும் போய்விடும். சொல்லாவிட்டால், அவன் பார்த்திருந்தால் விட்டிருப்பான் என்று அவள் சாகும்வரை நம்பிக்கொண்டிருக்கலாம், நல்லதுதானே, யாருக்கு என்ன நட்டம். அம்மா சொன்னதையே சொல்லலாம், அந்த உயரத்தில் முகம் தெரியாது அக்கா, உனக்கும் தெரிந்திராது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"சுகி, நீ தோட்டத்தில நிண்டனீ," என்றாள் பவானியக்கா. "உனக்கு மேலாலதானே வந்தது. நீயும் கண்டனீயோ?"

"ஓம்."

"பாத்தவனோ?"

மேசையில் சாம்பல் குழிகளோடு அந்தத் தலை யன்னலைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. ஆரணியின் துவாய் ஒன்று கதவில் தொங்கியது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் சுகிர்தாவுக்குக் குரல் வந்தது.

"பாத்தவன் அக்கா. என்னை வடிவாப் பாத்தவன்."

அந்தப் பக்கம் ஒரு கேத்தில் கொதித்து நின்றது கேட்டது. யாரோ ஒரு சின்னப் பிள்ளை ஏதோ கேட்க, பவானியக்கா பொறு என்று இங்கிலிசில் சொன்னது கேட்டது. அழுவாள் என்று சுகிர்தா காத்திருந்தாள். ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று கேட்பாள், தொலைபேசியை வைத்துவிடுவாள், இனிச் சனிக்கிழமைகளில் எடுக்கமாட்டாள்.

"அப்ப அவனுக்குத் தெரியும்," என்றாள் பவானியக்கா. கொஞ்சம் கழித்து, "பாத்தவன் எண்டா பாத்த மாதிரியே கீறு. வேற மாதிரிக் கீறிப்போடாத," என்றாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சுகிர்தா கறுப்பு மையை மூடி உள்ளே வைத்தாள். புல் வெட்டுகிற சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. கண்ணின் வெள்ளைக்கு வெள்ளை எடுக்கக் கூடாது, பல்லுக்கும் அப்படித்தான், சாம்பலும் ஒரு பொட்டுச் சிவப்பும் கலந்த பழுப்பு எடுத்தாள். மூச்சை வெளியே விட்டு, விட்ட மூச்சை நிறுத்தி, இரண்டு குழியிலும் நிரப்பினாள். மேல் இமையின் ஓரம் கறுப்பாக ஒரு மயிர்க்கோடு. கருமணியை மேல் இமையில் முட்டவிட்டால் நேரே பார்க்கும், கீழ் இமையில் படும்படி இறக்கினால் கீழே பார்க்கும். இறக்கினாள். இடது மூலைக்குக் கொஞ்சம் தள்ளினாள். தள்ளுகிறபோது தெரிந்தது, எவ்வளவு தள்ள வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது, அளக்கவில்லை, யோசிக்கவில்லை. முகம் இப்போது நிமலன் இல்லை. வேறு யாருமில்லை. இதுதான் அந்த முகமா என்று கேட்டால் சத்தியம் பண்ண முடியாது, தாடையும், தலைக்கவசம் மறைத்த காதும் அவள் இட்டுக்கட்டியதாக இருக்கலாம், மீசை கிருபாகரனுடையதாகவே இருக்கலாம், ஆனால் பார்வை அதுதான். பல்குத்தியின் நுனியால் வெளிச்சப் பொட்டு வைத்தாள், ஒரு கண்ணுக்கு ஒன்று. வைத்ததும் அவன் அவளுடைய மடியைப் பார்த்தான். மடியில் இருந்த கையைப் பார்த்தான். சுகிர்தா கையை எடுக்கவில்லை. கால்கள் ஊன்றின, ஊன்றட்டும் என்று இருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான், அவளும் பார்த்தாள், பதினொரு வயதில் அவ்வளவு நேரம் பார்க்கக் கிடைக்கவில்லை.

ரைமர் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. படியேறி வர மூட்டு விடவில்லை என்பதால் கீழே காரடியில் நின்று மணியை அடித்தார். அவள் தலையை ஒரு துவாயில் சுற்றி இறங்கிப் போனாள். காரின் பின்கதவு திறந்திருந்தது, உள்ளே அது கிடந்தது, செட்டை கழற்றி, பச்சையும் மண்ணிறமுமாக, ஒரு பிள்ளையின் நீளத்துக்கு. ரைமர் துவாயைப் பிரித்துத் தலையைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் பார்த்தார். அவருடைய முகத்தில் எப்போதும் வருகிற சிரிப்புப் பாதியில் நின்றது.

"இது யாரோ ஒருவருடைய முகம்," என்றார். "யார் இவன்?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் திறந்தவள், தெரிந்ததைச் சொன்னாள். டொச் மொழியில் இதை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, அதனால் வசனங்கள் சின்னச் சின்னதாக வந்தன. இந்த விமானம் எங்கள் ஊருக்கு வந்தது. நான் தோட்டத்தில் நின்றேன். இவன் என்னைப் பார்த்தான். பிறகு போட்டான். என் அம்மாவின் தங்கச்சி செத்துப்போனாள். இதைச் சொன்னால் இங்கே வயதான ஆட்கள் தங்கள் தாய்மார் நிலவறையில் ஒளிந்த கதையை உடனே சொல்லத் தொடங்குவார்கள், அவள் அதற்குத் தயாராக நின்றாள். ரைமர் சொல்லவில்லை. காரின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். தனக்குத் தெரியாது என்றார், தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன் என்றார். இதை நான் பறக்கவிடவில்லை, என்றார். பிறகு, அல்லது இவனை எடுத்துவிடுகிறேன், கண்ணாடி மூடிக்கு உள்ளே கறுப்பு அடித்துவிட்டால் ஆளிருக்கிறதா இல்லையா என்று எவருக்கும் தெரியாது, சும்மா ஒரு விமானம், அவ்வளவுதான், என்றார். அவர் நல்ல மனுசன். அவள் மனம் நோகாமல் எதைச் செய்யலாம் என்று தேடுகிறார் என்பது தெரிந்தது.

"வேண்டாம்," என்றாள் சுகிர்தா. "அது ஆளில்லாமல் வரவில்லை, ஹெர் ரைமர். உள்ளே ஒரு ஆள் இருந்தான்."

நாளைக்கு நான் வரமாட்டேன், ஆனால் இவன் போகட்டும், தாழப் போய்த் திரும்பட்டும், நிற்கிற சனம் இவன் பார்ப்பதைப் பார்க்கட்டும் என்று சொன்னாள். ரைமர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தலையாட்டினார். பசை இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அவர் கருவிப்பெட்டிக்குள் நெடுநேரம் துழாவி எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி மூடியைத் திறந்து, ஆசனத்தில் பசை இட்டு, அவனை இருத்தினாள். பசை இறுகும்வரை விடக்கூடாது, விட்டால் நேராகத் திரும்பிவிடுவான் என்று ரைமர் சொன்னார். தெரியும் என்றாள். கட்டைவிரலை உச்சந்தலையில் வைத்து, கீழே பார்க்கிற முகம் வேறெங்கும் திரும்பாதபடி, அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.